உடற்கல்விப் பாடவேளையில் மரத்தடியில் இருக்கும் பிள்ளை: சட்டப்படி என் கடமை என்ன?

படுவான்கரை டீச்சர் எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஒரு பாடசாலையில் 11 வருடமாகச் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். தரம் 8இல் 41 பிள்ளைகள். அதில் ஒருத்திக்குப் பிறப்பிலிருந்தே மூளை வாதம். வோக்கர் பிடித்து நடப்பாள். வலது கை நன்றாக வேலை செய்யும், இடது கை மடங்கியே இருக்கும். படிப்பில் கெட்டிக்காரி.

மைதானத்துக்குப் போனால் அவள் வேப்பமரத்தடியில் இருப்பாள். மற்றப் பிள்ளைகள் கழற்றிக் கொடுக்கும் கைக்கடிகாரங்களை வோக்கரின் கைபிடியில் வரிசையாகக் கட்டி வைத்திருப்பாள். தண்ணீர்ப் போத்தல்களுக்கும் அவள்தான் காவல். நான் அதை அன்பு என்றே நினைத்திருந்தேன். வெயில் படாமல், விழாமல், யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்ற நினைப்பு.

போன கிழமை அவளுடைய அம்மா புள்ளி அட்டையோடு வந்தார். கோபப்படவில்லை. “மிஸ், மகளுக்கு விளையாட்டில் 62 போட்டிருக்கிறீங்க. எதைப் பார்த்துப் போட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாளாக அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது.

சட்டம் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறது? அவளை விளையாட்டில் சேர்த்து ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு அதிபர் எழுதியது:

டீச்சர், 34 வருடம் பாடசாலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் முதலில் வருவது பெற்றோர், இரண்டாவது பொலிஸ், மூன்றாவது வலயக் கல்விப் பணிமனை. அந்த நேரத்தில் உங்கள் நல்ல மனதை யாரும் பார்க்க மாட்டார்கள். நான் அதிபராக இருந்தபோது இப்படியான பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு கடிதம் வாங்கி கோவையில் போட்டுவிடுவேன். பிள்ளையை மைதானத்துக்கு இறக்குவதில்லை. ஆசிரியரும் பாதுகாப்பு, பிள்ளையும் பாதுகாப்பு. இதைக் கல்நெஞ்சம் என்று எடுக்க வேண்டாம். பயத்தில் செய்ததுதான், ஆனால் அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கிறது.

கல்முனைச் சட்டத்தரணி எழுதியது:

ஐயாவின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கடிதம் நினைக்கிற அளவுக்குக் காப்பாற்றாது. நம் நாட்டில் தீங்கியல் வழக்குகளுக்கு, அதாவது ஒருவரின் தவறால் வந்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் வழக்குகளுக்கு, ரோமன்-டச்சுச் சட்டம்தான் அடிப்படை. நீதிமன்றம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கவனமுள்ள ஓர் ஆசிரியர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இந்தத் தீங்கை முன்கூட்டியே கண்டு, தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருப்பாரா? பெற்றோர் கையெழுத்து போட்டதால் ஆசிரியரின் கவனக்குறைவு கவனமாகிவிடாது. மறுபக்கமும் இருக்கிறது. கவனமாகத் திட்டமிட்டுச் சேர்த்து, அப்படியும் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால், விழுந்ததற்காக மட்டும் யாரும் பொறுப்பாளி ஆவதில்லை. அரச ஊழியர் கடமையின்போது செய்த தவறுக்கு அரசையே பொறுப்பாக்கி வழக்குப் போட 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது.

சேர்ப்பது பற்றி. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுள்ளோரின் உரிமைகளுக்கானது. அதன் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் கவனியுங்கள், கல்வியில் அந்தப் பிரிவு பேசுவது அனுமதியைப் பற்றி. வாசல் வரை வந்த சட்டம் மைதானத்துக்குள் எழுத்தில் வரவில்லை. என் பார்வையில் அதுதான் நம் சட்டத்தின் பெரிய ஓட்டை.

அதை நிரப்ப இரண்டு வழி. அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. பாகுபாடு கூடாது என்று 12(2) அடுக்கும் பட்டியலில் இனம், மதம், மொழி, சாதி, பால் எல்லாம் வருகின்றன, இயலாமை இல்லை. ஆனால் பெண்கள், சிறுவர், இயலாமையுள்ளோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்வதைச் சமத்துவ உரிமை தடுக்காது என்று 12(4) சொல்கிறது. ஆகவே உங்கள் மாணவிக்காக விளையாட்டின் விதியை நீங்கள் மாற்றினால், “மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம்” என்று யாரும் சட்டம் பேச முடியாது. அரச பாடசாலை செய்வது நிருவாகச் செயல் என்பதால் அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் கணக்கில் வராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன.

மற்ற வழி, இலங்கை 2016 பெப்ரவரி 8இல் ஏற்று உறுதிசெய்த, இயலாமையுள்ளோரின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை. அதன் 30ஆம் உறுப்புரை, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இயலாமையுள்ள சிறுவர்கள் மற்றச் சிறுவர்களுக்குச் சமமாகப் பங்குபற்ற வேண்டும் என்கிறது. பாடசாலை விளையாட்டும் அதில் அடங்கும் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. உடன்படிக்கையில் ஒப்பமிட்டால் மட்டும் அது நம் நாட்டுச் சட்டம் ஆகிவிடாது, பாராளுமன்றம் சட்டமாக்க வேண்டும். ஆனால் நிருவாகத்தோடு பேசும்போது காட்டக்கூடிய பலமான காகிதம்.

அக்கரைப்பற்று உம்மா எழுதியது:

சட்டத்தரணி சொன்னது எல்லாம் சரி. ஆனால் மேல் நீதிமன்றம் போகிற உம்மா யார்? எங்கட மகனுக்குக் காது கேட்காது, மெஷின் போட்டிருக்கிறார். நான் முறையிட்டால் அடுத்த நாள் அதே டீச்சரிடம்தான் அவர் போக வேண்டும். எனக்கு வேண்டியது வழக்கு இல்லை. ஓட்டப் போட்டியில் விசில் ஊதும்போது பக்கத்தில் ஒரு கொடியையும் இறக்குங்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான். “ஒரு பிள்ளைக்காக நடைமுறையை மாற்ற ஏலாது” என்றார்கள். பக்கத்துப் பிள்ளை ஓடுவதைக் கண்ட பிறகுதான் மகன் ஓடத் தொடங்குவார். 100 மீற்றரில் அந்த அரை செக்கன் எவ்வளவு பெரிசு என்று விளையாட்டு டீச்சர்மாருக்குத் தெரியாதா?

படுவான்கரை டீச்சர், நீங்கள் கேள்வி கேட்டதே பெரிய விஷயம். அந்த அம்மாவிடம் திரும்பிப் போய், பதில் இல்லை என்று சொல்லுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம்.

லண்டனில் இருந்து எழுதியது:

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம், இப்போது இங்கே ஒரு பாடசாலையில் உதவி ஆசிரியை. இங்கே 2010 சமத்துவச் சட்டம் இருக்கிறது. பாடசாலை “நியாயமான மாற்றங்கள்” செய்தே ஆக வேண்டும். பிள்ளை வந்து கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும் என்பதும் அந்தக் கடமைக்குள் அடக்கம். உடற்கல்வியும் அதற்குள் வரும். கொடி இறக்குவது இங்கே விவாதமே இல்லை, செய்துவிட்டுப் போவார்கள். ஆனால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். சக்கர நாற்காலிப் பிள்ளையை “ஸ்கோர் எழுது” என்று ஓரத்தில் வைக்கும் டீச்சர்களை இங்கேயும் பார்க்கிறேன்.

கல்முனைச் சட்டத்தரணி எழுதியது:

தங்கச்சி சொன்ன அந்த “முன்கூட்டியே” என்ற சொல்தான் நம் சட்டத்தில் இல்லை. இயலாமையுள்ளோரின் உரிமைகளுக்கான இந்தியாவின் 2016 சட்டத்தில் 16ஆம் பிரிவு, கல்வியோடு சேர்த்து விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. நமக்கும் அப்படி ஒரு வரி வேண்டும்.

பிசியோ எழுதியது:

மட்டக்களப்பில் சிறுவர்களோடு வேலை செய்கிறேன். டீச்சரின் மாணவியை நான் பார்க்கவில்லை, ஆகவே பொதுவாகச் சொல்கிறேன்.

மூளை வாதம் உள்ள பிள்ளைக்கு அசைவு ஆபத்து இல்லை. அசையாமல் இருப்பதுதான் ஆபத்து. வளரும் வயதில் எலும்பு நீளும், இறுகிய தசை அதோடு சேர்ந்து நீளாது. தரம் 8 என்றால் சரியாக அந்த வயது. வாரத்தில் சில பாடவேளை மரத்தடியில் இருத்தி வைத்தால் அந்த இறுக்கத்தை நாமே வளர்க்கிறோம். உடல் சூடேற்றும் பயிற்சியை அவளுக்குக் கொஞ்சம் நீட்டுங்கள். பரபரப்பிலும் களைப்பிலும் தசை இறுகும், அதனால் “கெதியா, கெதியா” என்று கத்தினால் கை இன்னும் மடங்கும். நேரக் கட்டுப்பாடு இல்லாத, குறி பார்க்கிற விளையாட்டுகள் நல்லது. கால் ஸ்பிளின்ட் போட்டிருந்தால் பாடவேளை முடிந்ததும் கழற்றித் தோலைப் பாருங்கள், சிவப்புத் தடம் மறையாமல் நின்றால் வீட்டுக்குச் சொல்லுங்கள்.

ஐயா சொன்ன எச்சரிக்கை தேவையான இடங்களும் உண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையில் இணைப்பு தளர்வாக இருக்கும். வைத்தியர் பார்த்துச் சொல்லும் வரை முன்குத்துக்கரணமும் தலையால் பந்து அடிப்பதும் வேண்டாம். வலிப்பு உள்ள பிள்ளை, பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் நீல இன்ஹேலர் அலுவலக அலுமாரியில் பூட்டியிருந்தால் பிரயோசனம் இல்லை, மைதானத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து வந்து பாடசாலை மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். அதில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியரின் காதுக்கு வந்து சேர்வதில்லை. கேட்டு வாங்குங்கள். “இவளால் என்ன செய்ய முடியும்?” என்று அம்மாவிடமும் பிசியோவிடமும் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐயா வாங்கிய கடிதத்தில் முடியாதது மட்டும்தானே இருந்திருக்கும்.

காத்தான்குடி டீச்சர் எழுதியது:

பேச்சு எல்லாப் பிள்ளைகளையும் விளையாட்டில் சேர்ப்பதைப் பற்றி என்பதால் நானும் ஒன்று சொல்கிறேன். எங்கட பக்கம் மரத்தடியில் இருப்பது ஒரு பிள்ளை இல்லை, அரைவாசி வகுப்பு. மைதானம் ஆண்பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கு வகுப்பறையில் சுகாதாரப் பாடம். யாரும் தடை போடவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. நீளக் காற்சட்டை, முழுக்கை, தலையில் ஸ்காப் என்று சீருடையைத் தீர்மானித்து, பெண்பிள்ளைகளின் நேரத்தில் மைதானத்தைச் சுற்றி ஆண்கள் நிற்காமல் பார்த்ததும் பெற்றோரே பிள்ளைகளை அனுப்பினார்கள். பீபா 2014இல் தலைமறைப்போடு விளையாட அனுமதித்தது, கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல். ஆகவே விதியில் இடம் இல்லை என்று இனிச் சொல்ல ஏலாது. மாதவிடாய் நாட்களில் “இன்று எனக்கு ஏலாது மிஸ்” என்றால் காரணம் கேட்டு எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைப்பதும் வெளியே தள்ளுவதுதான். ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

முன்னாள் மாணவன் எழுதியது:

ஒன்பது வயதில் கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே கால் போனது. செயற்கைக் காலோடு படித்தேன். இல்ல விளையாட்டுப் போட்டியில் என்னை ஒவ்வொரு வருடமும் அணிநடையில் முன்னால் கொடியோடு நிற்க வைப்பார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு என்னைப் போன்ற நாலைந்து பேருக்குக் கடைசியில் ஒரு போட்டி. எல்லோருக்கும் பரிசு, ஒரே மாதிரியான பிளாஸ்டிக் கோப்பை. புள்ளிப் பலகையில் எங்கள் போட்டி ஏறாது.

தரம் 10இல் ஒரு சேர் வந்தார். குண்டு போடுதலுக்கு என்னைப் பழக்கினார். மற்றவர்களோடு போட்டியிட்டேன், மூன்றாம் இடம். எங்கள் இல்லத்துக்குப் புள்ளி. அன்று கூடாரத்தில் பெடியன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது செயற்கைக் கால் கழன்று விழுந்தது. ஒருவன் அதையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். இப்போது எனக்கு 36 வயது. பாடசாலை என்றால் அந்த நாள்தான் முதலில் ஞாபகம் வரும்.

டீச்சர், அவளுக்குப் புள்ளி போடுங்கள். உண்மையான புள்ளி. கைதட்டல் வேண்டாம்.

ஓய்வு அதிபர் எழுதியது:

தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் வாங்கிய கடிதங்களில் இருந்த பிள்ளைகளின் முகங்கள் ஞாபகம் வருகின்றன.

ஆனால் ஒரு விஷயத்தை விட மாட்டேன். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவர் இறந்துபோனார். அந்தப் பிள்ளை இயலாமை உள்ளவர் என்று மரத்தடியில் வைக்கப்பட்டவர் இல்லை, ஓட வந்தவர். பாதுகாப்புக் கடமை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. அதைப் பேசாமல் சேர்ப்பதைப் பற்றி மட்டும் பேசினால் அரைவாசிதான் பேசுகிறோம்.

பிசியோ எழுதியது:

ஐயா, முழுக்க உடன்படுகிறேன். அந்தச் சம்பவத்தின் மருத்துவக் காரணத்துக்குள் நான் போகவில்லை. பொதுவாக, நம் பக்கத்து வெயிலில் நீண்ட ஓட்டம் என்றால் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். உடல் சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு கிழமை பிடிக்கும், ஆகவே பயிற்சியே இல்லாத பிள்ளையை அன்று காலை பெயர் எழுதி ஓட விடக் கூடாது. ஓடும் பிள்ளை தள்ளாடி, பேச்சுக் குழறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது சூட்டு அதிர்ச்சியாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர், கிடைத்தால் ஐஸ். வாகனத்தைக் கூப்பிடுங்கள், ஆனால் அது வரும் வரை குளிரவைப்பதை நிறுத்தக் கூடாது. பெரிய தண்ணீர்த் தொட்டியும் ஐஸ் பெட்டியும் ஓட்டப் பாதையில் இருக்க வேண்டும். மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

வெப்பமான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் 11 மணிப் பாடவேளையை மைதானத்தில் வைப்பதையே நேரசூசி போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

டீச்சர், மாற்றுவதற்கு நாலு சாவி இருக்கிறது: இடம், செயல், உபகரணம், ஆட்கள். ஒன்றைத் திருகிப் பாருங்கள், திறக்காவிட்டால் அடுத்ததை. தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாட்டில் அவள் வலது கையால் அடிக்கலாம், ஓடுவதற்கு ஒரு துணை ஓட்டக்காரி. கரப்பந்தில் வலையை இறக்குங்கள், பலூன் பந்து போடுங்கள், ஒரு தரம் நிலத்தில் பட்டாலும் சரி என்று விதி வையுங்கள். அஞ்சல் ஓட்டத்தில் அவளுடைய பங்கு 10 மீற்றர், மற்ற இல்லத்திலும் அந்தப் பங்கை அதே நிலையில் உள்ள பிள்ளையோ, பின்னோக்கி நடக்கும் பிள்ளையோ செய்யட்டும். விதியைப் பிள்ளைகளிடமே விட்டால் நம்மைவிட நியாயமாகப் பங்கு போடுவார்கள்.

போச்சா என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. மூளை வாதம் உள்ளவர்களுக்காகவே வளர்ந்தது, 1984 முதல் பராலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு வெள்ளைப் பந்து இலக்கு. சிவப்பு ஆறு, நீலம் ஆறு. யாருடைய பந்து வெள்ளைக்கு அண்மையில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பந்து ஒன்று 275 கிராம் அளவு. வாங்க விலை அதிகம், ஆனால் பழைய காலுறையில் மணல் நிரப்பித் தைத்தால் அந்த நிறை வரும். உருளாமல் நிற்கவும் செய்யும்.

படுவான்கரை டீச்சர் எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

முதலில் அவளுடைய அம்மாவிடம் போய், அந்த 62க்கு என்னிடம் காரணம் இல்லை என்று சொன்னேன். அவர் அழுதார், நானும்தான். பிறகு இரண்டு பேரும் இருந்து, அவளால் முடிந்ததை எழுதினோம். ஒரு பக்கம் போதவில்லை. வீட்டில் வலது கையால் மாங்காய்க்குக் கல் எறிந்து விழுத்துவாளாம். 11 வருடம் விளையாட்டுப் படிப்பிக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

முதல் நாள் பழைய பிழையையே திரும்பச் செய்தேன். காலுறைப் பந்துகளை எடுத்துப் போய், எல்லோரையும் குழுவாகப் பிரித்து, அவளிடம் புள்ளி எழுதும் கொப்பியைக் கொடுத்தேன். அவள் கொப்பியை வாங்கவில்லை. “மிஸ், நான் எறியலாமா?” என்றாள்.

கதிரையில் இருந்து எறிந்தாள். முதல் இரண்டும் தூரப் போய் விழுந்தன. மூன்றாவது வெள்ளைப் பந்தை உரசிக்கொண்டு நின்றது. எதிர்க் குழுப் பெடியன் ஒருவன் குனிந்து நூலால் அளந்து பார்த்துவிட்டு, “மிஸ், இவள் எங்கட பக்கம் வரட்டும்” என்று சண்டைக்கு வந்தான். அன்று கைக்கடிகாரங்கள் எல்லாம் வேப்பமரக் கிளையில் தொங்கின.

இன்னொரு சிக்கல். வகுப்பறை விறாந்தையில் இருந்து மைதானத்துக்கு இரண்டு படி. இதுவரை இரண்டு பெடியன்கள் அவளைத் தூக்கி இறக்கினார்கள். இப்போது அவள் பெரிய பிள்ளை, அவளுக்கு அது வெட்கம். அதையும் நான் கவனிக்கவில்லை. அளந்து பார்த்தோம், உயரம் 30 சென்ரிமீற்றர். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சரிவு 3.6 மீற்றர் நீளம் வர வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இரண்டு அப்பாமார் மேசன். அடுத்த ஞாயிறு கொட்டித் தருகிறோம் என்றிருக்கிறார்கள்.

அதிபர் முதலில் தயங்கினார். சட்டத்தரணி எழுதிய 12(4)ஐயும், அம்மாவும் நானும் எழுதிய அந்தப் பக்கங்களையும் காட்டினேன். இல்ல விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரலில் போச்சா ஏறிவிட்டது, எல்லா இல்லத்துக்கும், எல்லோருக்கும், புள்ளியோடு.

அக்கரைப்பற்று உம்மா எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். வாசித்துவிட்டு மகனின் பாடசாலைக்குத் திரும்பவும் போனேன், இந்த முறை ஒரு சிவப்புக் கொடியை நானே தைத்துக்கொண்டு. வாங்கி வைத்திருக்கிறார்கள். இறக்குவார்களா என்று 14ஆம் தேதி பார்க்க வேண்டும்.

ஓய்வு அதிபர் எழுதியது:

டீச்சர், ஞாயிறு நானும் வருகிறேன். கொங்கிரீட் வேலைக்கு வயது போய்விட்டது, காலுறை தைக்கலாம். எத்தனை வேண்டும்?

படுவான்கரை டீச்சர் எழுதியது:

ஒரு செட்டுக்கு 13, ஐயா. மூன்று செட் வேண்டும். மணல் இங்கே இருக்கிறது, காலுறை மட்டும் கொண்டு வாங்க.